அந்த நாற்காலி சத்தத்த நான் எடுக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல, புதுசா பாட்டு போட வர்ற பசங்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை வந்துச்சு. முதல் அஞ்சு செகண்ட்லயே ஆள பிடிச்சிடணும், பல்லவிய முன்னாடி தூக்கி போட்டுடு, ரெண்டரை நிமிஷத்துக்கு மேல போகாத, ரீல்ஸுக்கு வெட்டி எடுக்க தோதா ஒரு பதினஞ்சு செகண்ட் துண்ட பாட்டுக்குள்ளயே வச்சிரு, இப்படி வரிசையா. எழுதினவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவர் சொன்னது எல்லாமே இன்னைக்கு நடக்குறதுதான், பொய் ஒண்ணும் கிடையாது. ஆனா கட்டுரைய ரெண்டு தடவ படிச்சு பாத்துட்டேன், பாட்ட உக்காந்து கேக்குற மனுஷன்னு ஒருத்தர் அதுல எங்கயுமே வரல. ஆடியன்ஸ் வருது, ரீச் வருது, என்கேஜ்மென்ட் வருது. கேக்குற ஆள் வரல. அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதனாலதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் 18 வருஷமா ரெக்கார்டிங் ஸ்டுடியோல மிக்சிங் வேலை பாக்குறேன். மத்தவங்க பாடுனத, வாசிச்சத ஒண்ணா சேத்து கேக்குற மாதிரி ஆக்கிக் குடுக்குறது என் பொழப்பு. ராத்திரி நேரத்துல வீட்டுல நானா சில பாட்டு பண்ணுவேன், கிட்டார், குரல், சில சமயம் ஒரு ஹார்மோனியம், அவ்வளவுதான். மூணு வருஷம் முன்னாடி அப்படி ஒரு பாட்டு பண்ணி நெட்ல ஏத்துனேன். பாடி முடிக்கிற இடத்துக்கு கொஞ்சம் முன்ன, ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் ஒரு அமைதி வரும், அந்த இடத்துல நான் லேசா நகந்துட்டேன் போல, உக்காந்திருந்த மர நாற்காலி ‘கிரீச்’னு ஒரு சத்தம் குடுத்துச்சு. ஸ்டுடியோல யாராவது இப்படி குடுத்திருந்தா ஒரே நிமிஷத்துல வெட்டி எறிஞ்சிருப்பேன். இதுல வெட்டல. ஏன்னா அந்த டேக் மாதிரி, அதாவது அந்த ஒரு தடவ பாடி பதிவு பண்ண மாதிரி, இன்னொன்னு வரல, அந்த சத்தத்த மட்டும் எடுத்தா அதுக்குப் பக்கத்துல இருந்த மூச்சும் சேந்து போச்சு, மூச்சு போனதும் அந்த இடமே செத்துப்போன மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.

அந்தப் பாட்டு பெருசா ஒண்ணும் ஓடல. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா நானூத்தி சொச்சம் தடவ ஓடியிருக்குன்னு காட்டுச்சு. நண்பர்கள் எல்லாம் பாவம்ங்குற மாதிரி பாத்தாங்க. அப்பதான் ஒருத்தர் மெசேஜ் அனுப்புனாரு, முன்ன பின்ன தெரியாதவர். ராத்திரி ஷிப்ட்ல காவல் வேலை பாக்குறாராம். “சார், ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் ஒரு சத்தம் வருதே, அது நாற்காலிதானே? நான் தினமும் ராத்திரி ரெண்டு மணி வாக்குல இந்தப் பாட்ட போடுவேன். அந்த சத்தம் வரும்போது பக்கத்துல யாரோ ஒருத்தர் உக்காந்திருக்குற மாதிரி இருக்கும்”னு எழுதியிருந்தாரு.

அந்த நானூத்தி சொச்சத்துல பாதிக்கு மேல அவர் ஒருத்தரே கேட்டதா இருக்கும், கணக்கு போட்டு பாத்தா அப்படித்தான் வருது. மேனேஜர் மாதிரி யாராவது பாத்தா, அட ஒரே ஆள்தானா கேட்டிருக்காரு, வேஸ்ட்னு சொல்வாங்க. எனக்கு அப்படி தோணல. தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மனுஷனுக்கு துணையா இருக்குற பொருள ஒண்ணு நான் செஞ்சிருக்கேன், என் வாழ்க்கைல நான் செஞ்ச மத்த எந்த வேலையப் பத்தியும் என்னால இப்படி சொல்ல முடியாது.

இப்ப அந்தக் கட்டுரைல இருக்குற யோசனைக்கு வர்றேன். முதல் சில செகண்ட்ல பிடிக்கணும்ங்குறது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பசங்களுக்கு யாரும் சொல்றதில்ல. ஸ்பாட்டிஃபை மாதிரி நெட்ல பாட்டு கேக்குற இடத்துல ஒரு பாட்ட 30 செகண்ட் கேட்டாத்தான் ஒரு தடவ கேட்டதா கணக்கு. 29 செகண்ட்ல ஒருத்தர் அடுத்த பாட்டுக்கு தாவிட்டா அது கணக்குலயே வராது. 30 செகண்ட் கேட்டாலும் ஒண்ணுதான், ஏழு நிமிஷம் முழுக்க கேட்டாலும் ஒண்ணுதான். அப்ப என்ன ஆகும், முன்னாடி வர்ற இசைய சுருக்குவாங்க, பாட்டோட மொத்த நீளத்தையும் சுருக்குவாங்க, ஒரு மணி நேரத்துல நாலு நிமிஷப் பாட்டு பதினஞ்சுதான் ஓடும், ரெண்டு நிமிஷப் பாட்டுன்னா முப்பது ஓடும். இது சங்கீதத்துலேர்ந்து வந்த முடிவு கிடையாது, பில் போடுற விதத்துலேர்ந்து வந்த முடிவு. அத சங்கீத இலக்கணம் மாதிரி பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறோம், அதுதான் எனக்கு வலிக்குது.

போன மாசம் ஒரு பையன் வந்தான், 22 வயசு இருக்கும், வயலின் வாசிப்பான், பாடவும் செய்வான். அவனோட பாட்டு 42 செகண்ட் வெறும் வயலினோட ஆரம்பிக்குது. ஒரே ஒரு ஸ்வரத்துல நின்னு, அத மெதுவா மேல தள்ளி, திரும்ப இறக்கி, அப்புறம் குரல் வரும்போது அந்த ஸ்வரத்துலயே குரல் வந்து உக்காரும். அந்த 42 செகண்ட் காத்திருந்ததாலதான் குரல் வர்றப்ப நமக்கு உள்ள ஏதோ ஆகுது. அவன் கூட வந்தவர் போன்ல டைமர் போட்டு வச்சுக்கிட்டு, “அண்ணா இத ஆறு செகண்டுக்கு கொண்டு வாங்க”ன்னாரு. ஆறு செகண்டுக்கு கொண்டு வந்து போட்டுக் காட்டுனேன், அது என் வேலை. பாட்டு ஓடுச்சு, குரல் வந்துச்சு, ஒண்ணும் ஆகல. பையன் தலைய குனிஞ்சுக்கிட்டே இருந்தான். எனக்கு தாங்கல, “தம்பி, நீ இத யாருக்காக வாசிச்ச?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு “எங்க அக்காவுக்குண்ணா”ன்னு சொன்னான். அக்கா முழுசா கேப்பாங்களான்னு கேட்டேன். “அவ கண்ண மூடிக்கிட்டு கேப்பாண்ணா.” அவ்வளவுதான் பேச்சு. அந்த அக்காவ மனசுல வச்சு பண்ணு, அவங்கள மாதிரி கண்ண மூடி கேக்குறவங்க உலகத்துல எத்தன பேர் இருக்காங்கன்னு உனக்கும் தெரியாது, அந்த டைமருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். கூட வந்தவருக்கு என் மேல வருத்தம்தான், இருக்கட்டும்.

நீளம் கம்மியா இருந்தாலே பொய்னு நான் சொல்ல வரல, இத தப்பா எடுத்துக்கக் கூடாது. 1902 நவம்பர்ல கல்கத்தாவுல ஹிந்துஸ்தானி பாடகி கௌஹர் ஜான் அம்மா கிராமபோன் கம்பெனிக்கு பாடுனாங்க. அந்தக் காலத்து தட்டு ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சுமாருக்குத்தான் தாங்கும். மணிக்கணக்குல விரிச்சு பாடுற சங்கீதத்த அவங்க அந்த மூணு நிமிஷத்துக்குள்ள கொண்டு வந்தாங்க, கடைசில “மை நேம் இஸ் கௌஹர் ஜான்”னு இங்கிலீஷ்ல கணீர்னு சொல்லி முடிப்பாங்க, ஏன்னா பதிவு பண்ணது ஜெர்மனில ஹனோவருக்கு போய்த்தான் தட்டா அச்சாகி வரும், அங்க இருக்குறவங்களுக்கு இது யார் குரல்னு தெரியணும்ல. சத்தமா பாடணும், மைக்குக்கு பதிலா இருந்த கூம்புக்குள்ள மூஞ்சிய வச்சு பாடணும், நேரம் முடிஞ்சா நிறுத்தணும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளயும் அந்தக் குரல்ல இருக்குற உயிர் இன்னைக்கும் தட்டுலேர்ந்து எழுந்து வருது. ஏன்னா நேரம்தான் கட்டிப்போட்டுச்சு, என்ன பாடணும் எப்படி பாடணும்ங்குறது அவங்க கைல இருந்துச்சு. 1948ல எல்.பி. தட்டு வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேலன்னு ஆனப்ப நீளமா பாட இடம் கிடைச்சுது, எடுத்துக்கிட்டாங்க. கருவி மாறும், அளவு மாறும், அதுல தப்பே இல்ல. இன்னைக்கு இருக்குறது வேற. தட்டுக்கு இவ்வளவுதான் இடம்னு யாரும் சொல்லல, இடம் கொட்டிக் கிடக்கு, ஆனா கேக்குறவன் பொறுமை இல்லாதவன், அவன நம்ப முடியாதுன்னு நாமளே முடிவு பண்ணி பாட்ட வெட்டுறோம். கேக்குறவர் மேல இருக்குற அவநம்பிக்கைதான் அது, எனக்கு அது மரியாதக் குறைவா படுது.

குரல எடுத்துக்குவோம். 1997ல ஆட்டோட்யூன்னு, சுருதி விலகுன குரல சரி பண்ற ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, அத பண்ண ஆண்டி ஹில்டபிராண்ட் அதுக்கு முன்னாடி பூமிக்கு அடில எண்ணெய் எங்க இருக்குன்னு சத்தத்த அனுப்பி கண்டுபிடிக்கிற துறைல இருந்தவர், அந்தக் கணக்கத்தான் குரலுக்கு கொண்டு வந்தாரு. அருமையான வேலை, நானும் தினமும் அந்த மாதிரி ஒண்ண யூஸ் பண்றேன். ஒரு நல்ல டேக்ல ஒரே ஒரு இடம் கொஞ்சம் விலகியிருந்தா அத சரி பண்ணிக் குடுக்குறது பாடகருக்கும் உதவி, கேக்குறவருக்கும் உதவி. ஆனா இப்ப என்ன நடக்குதுன்னா பாடி முடிச்ச உடனே, கேட்டுக் கூட பாக்காம, முழு குரலையும் அதுல போட்டுடுறாங்க. அது பக்கத்துல இருக்குற ஸ்வரத்துக்கு குரல இழுத்து நேரா நிறுத்தும். நம்ம சங்கீதத்துல ஸ்வரம் எங்க நேரா நிக்குது? ஒரு கமகம் ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல அசைஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த அசைவுதான் ராகம். மெஷின் அத தப்புன்னு நினைச்சு படிக்கட்டு மாதிரி வெட்டிடும். பத்து பதினஞ்சு வருஷம் சாதகம் பண்ணி தொண்டைல கொண்டு வந்த விஷயத்த ரெண்டு க்ளிக்ல தட்டையாக்கிட்டு, ‘இப்பதான் க்ளீனா இருக்கு’ன்னு சொல்றத நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன்.

மூச்சும் அப்படித்தான். பாடுறவங்க அடுத்த வரிக்கு முன்னாடி இழுக்குற மூச்ச மொத்தமா எடுத்துடுங்கன்னு கேப்பாங்க. ஒரு அம்மாவோட பாட்டு, 60 வயசுக்கு மேல இருக்கும் அவங்களுக்கு, இறந்துபோன கணவரப் பத்தி அவங்களே எழுதி பாடுனது. கடைசி வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு, நீளமா இல்ல, பாதில நின்னு திரும்ப இழுத்த மாதிரி. ஹெட்போன்ல அத கேட்டப்ப என் கை மவுஸ் மேல அப்படியே நின்னுடுச்சு. வார்த்தைல சொல்லாதது எல்லாம் அந்த மூச்சுல இருந்துச்சு. எடுக்க மாட்டேன்மான்னு சொன்னேன். அவங்க “நல்லாருக்காதோன்னு பயந்தேன் தம்பி”ன்னாங்க. அந்த பயத்த யார் அவங்களுக்கு குடுத்தது? பளபளன்னு துடைச்ச பாட்டயே கேட்டு கேட்டு, மூச்சு விடுறதே குறைன்னு ஒரு பாடகி நினைக்கிற அளவுக்கு நாமதானே கொண்டு வந்து விட்டிருக்கோம்.

அப்புறம் சத்தம். இதப் பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், சுருக்கமா சொல்லிடுறேன். சிடி 1982ல வந்தப்போ ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கும் ரொம்ப பெரிய சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் அளவுக்கு இடம் குடுத்துச்சு. அதாவது முணுமுணுப்பும் வைக்கலாம், முரசும் வைக்கலாம், ரெண்டுக்கும் உள்ள தூரம் அப்படியே கேக்கும். நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, மத்தவன் பாட்ட விட என் பாட்டு சத்தமா கேக்கணும்னு போட்டி போட்டு எல்லாத்தையும் மேல தூக்கி கூரையோட ஒட்டிட்டாங்க. முணுமுணுப்பும் முரசும் ஒரே உசரம். கம்ப்யூட்டர் திரைல அந்தப் பாட்டோட அலைய பாத்தா செங்கல் வச்ச மாதிரி இருக்கும், ஏற்றம் இறக்கம் எதுவும் இருக்காது. கேக்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2008ல மெட்டாலிகாங்குற அமெரிக்க ராக் குழுவோட ஆல்பம் வந்தப்ப தெரிஞ்சுது. அதே பாட்டுங்க ஒரு வீடியோ கேம்லயும் வந்துச்சு, கேம்ல இருந்தது இவ்வளவு நசுக்காத வடிவம், அதுதான் நல்லாருக்குன்னு ரசிகர்கள் கண்டுபிடிச்சு, ஆல்பத்த திரும்ப மிக்ஸ் பண்ணிக் குடுங்கன்னு ஆயிரக்கணக்குல கையெழுத்து போட்டு கேட்டாங்க. அவங்க யாரும் சவுண்ட் இஞ்சினியர் கிடையாது, காசு குடுத்து வாங்கி கேட்டவங்க, அவங்க காதுக்கு தெரிஞ்சுது. இன்னைக்கு ஆன்லைன்ல எவ்வளவு சத்தமா ஏத்திக் குடுத்தாலும் பெரும்பாலான சர்வீஸ்ல எல்லாத்தையும் ஒரே அளவுக்கு கொண்டு வந்துதான் ஓட்டுறாங்க, நசுக்குன பாட்ட இறக்கிடுவாங்க, ஆனா நசுக்குனது நசுக்குனதுதான், திரும்ப வராது. இருந்தும் “இன்னும் கொஞ்சம் லவுடா வேணும் சார்”னு வாரத்துக்கு நாலு பேர் கேக்குறாங்க.

நேர்மைன்னு நான் சொல்றது இந்த மாதிரி சின்னச் சின்ன இடத்துலதான் இருக்கு. நான் காசுக்கு பண்ணல, கலைக்கு பண்றேன்னு மேடைல பேசுறதுல இல்ல. இந்த மூச்ச விடலாமா, இந்த அமைதிய ரெண்டு செகண்ட் நீட்டலாமா, இந்த வரி எனக்கே நம்பிக்கை இல்லாம கைதட்டலுக்காக போட்ட வரியாச்சே எடுத்துடலாமான்னு, ஒவ்வொரு இடத்துலயும் யார் முகத்த பாத்து முடிவு எடுக்குறோம்ங்குறதுதான். கேக்குற ஆளோட முகத்த பாத்தா ஒரு முடிவு வரும், எண்ணிக்கைய பாத்தா வேற முடிவு வரும். சில சமயம் ரெண்டும் ஒண்ணாவே வரும், அப்ப சந்தோஷமா போகலாம்.

இத சொன்ன உடனே சில பேர் ராஜா கூப்பிட்டும் போகாத தியாகராஜர் கதைய சொல்வாங்க. கேக்கவே மனசு நிறையுற கதைதான். ஆனா வீட்டு வாடகையும் புள்ளைங்க ஃபீஸும் இருக்குறவங்ககிட்ட அத சொல்லி காசே வாங்காதன்னு சொல்றது நியாயம் இல்ல. பாட்டுக்கு காசு வாங்குறது பாவம் கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723லேர்ந்து லைப்சிக் ஊர்ல சம்பளத்துக்குத்தான் வேலை பாத்தாரு, அங்க போன முதல் சில வருஷம் வாராவாரம் சர்ச்சுக்கு ஒரு பெரிய பாட்டுத் தொகுப்பு குடுக்கணும், கோரஸ் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், நிர்வாகத்தோட சண்டை வேற. அந்த வாரம் வந்து உக்கார்ற ஜனங்களுக்காக எழுதுனதுதான் அதெல்லாம். ஞாயித்துக்கிழம முடிஞ்சா அடுத்த வாரத்துக்கு புதுசு. 1750ல அவர் போனப்புறம் அந்தப் பெரிய படைப்புங்கள்ல நிறைய ஓரமா கிடந்துச்சு, 1829ல மெண்டல்சோன்னு இன்னொரு இசையமைப்பாளர் அதுல ஒண்ண எடுத்து பெர்லின்ல நடத்துனப்பதான் ஜனங்க திரும்பிப் பாத்தாங்க. சம்பளத்துக்கு, கெடுவுக்கு எழுதினா நேர்மை போயிடும்னு யாராவது சொன்னா எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். சினிமாவுக்கு மெட்டு போடுறவங்களும் அப்படித்தானே, சிச்சுவேஷன் குடுப்பாங்க, நேரம் குடுப்பாங்க, அதுக்குள்ள எத்தனையோ பேர் உயிரக் குடுத்து வேலை பாத்திருக்காங்க. நாம தலைமுறை தலைமுறையா அந்தப் பாட்டுங்களோடதான் தூங்கி எழுந்திருக்கோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். ‘நான் எனக்காக பண்றேன், புரிஞ்சா கேளு புரியாட்டி போ’ன்னு ஒரு கூட்டம். இவங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. பாட்ட வெளில விட்டுட்டா அது இன்னொருத்தர் காதுக்கு போற பொருள். வார்த்தை புரியாத அளவுக்கு குரல பின்னாடி தள்ளிட்டு, ட்யூன் இல்லாத கிட்டார வச்சுக்கிட்டு அதுதான் உண்மைன்னு சொன்னா அது சோம்பேறித்தனம். கேக்குறவங்களுக்காக பண்றதுன்னா அவங்க நேரத்த மதிக்கிறது, கம்பிய ட்யூன் பண்றது, பத்தாவது டேக் எடுக்குறது, பாட்டு சரியா வரலன்னா வெளியிடாம இருக்குறது. நாற்காலி சத்தத்த நான் விட்டதுக்கு காரணம் சோம்பேறித்தனம் இல்ல. எடுத்துப் பாத்தேன், எடுத்தா பாட்டு குறைஞ்சுது, அதனால விட்டேன்.

காசு எப்படி போகுதுன்னும் வாசகர்களுக்கு தெரியணும், ஏன்னா நிறைய பேர் நான் மாசாமாசம் பணம் கட்டுறேனே, எனக்குப் பிடிச்ச பாடகருக்கு போகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் சர்வீஸ்ல அப்படி கிடையாது. எல்லாரோட பணமும் ஒரே பானைல விழும், கம்பெனி பங்கு போக மிச்சத்த, மொத்தமா ஓடுன தடவைல யாருக்கு எவ்வளவு பங்குன்னு பாத்து பிரிப்பாங்க. நீங்க மாசம் முழுக்க ஒரே ஒரு சின்ன பாடகிய மட்டும் கேட்டிருந்தாலும், உங்க பணத்துல பெரும் பகுதி நீங்க ஒரு தடவ கூட கேக்காதவங்களுக்குத்தான் போகும். சவுண்ட்க்ளவுட்ங்குற சர்வீஸ்ல 2021ல, கேட்டவங்க பணம் அவங்க கேட்ட ஆளுக்கேன்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, நல்ல ஆரம்பம், ஆனா பொதுவா அது பரவல. ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 தடவையாவது ஓடலன்னா அந்த ரெக்கார்டிங்குக்கு ராயல்டி கணக்குலயே வராது. இந்த முறைல எண்ணிக்கைதான் எல்லாம், அதனால எண்ணிக்கைய விலைக்கு விக்கிறவங்களும் வந்துட்டாங்க. எனக்கும் வந்துச்சு ஒரு ஆஃபர், இவ்வளவு குடுத்தா இத்தனாயிரம் தடவ ஓட வைக்கிறோம்னு. மெஷின் கேக்கும், மனுஷன் கேக்க மாட்டான், ஆனா நம்பர் ஏறும். யாருமே இல்லாத ரூம்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்குறத நினைச்சு பாத்தேன், எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால பாட்டு பண்றவங்களுக்கு என்னால முடிஞ்சத சொல்றேன், சாப்பாட்டுக்கு வேற ஒரு வேலை வச்சுக்கிறது கேவலம் இல்ல, சொல்லிக் குடுங்க, மத்தவங்க பாட்டுக்கு வாசிங்க, என்ன மாதிரி மிக்சிங் பண்ணுங்க, அதுலயும் முழு மனசோட இருங்க. உங்க சொந்தப் பாட்ட மட்டும் அந்த எண்ணிக்கை கைல குடுத்துடாதீங்க. பேண்ட்கேம்ப் மாதிரி நேரடியா விக்கிற இடம் இருக்கு, டிஜிட்டல் பாட்டுக்கு 15 சதவீதம் போல எடுத்துக்கிட்டு, பணம் அனுப்புற செலவு போக மிச்சத்த பண்ணவங்களுக்கே குடுக்குறாங்க. அங்க பத்து பேர் வாங்கினா பத்து பேரோட பேரும் தெரியும்.

நிக் டிரேக்னு இங்கிலாந்துல ஒரு பாடகர் இருந்தாரு. 1971 அக்டோபர்ல ரெண்டு ராத்திரி, ஸ்டுடியோல அவரும் ஒரு இஞ்சினியரும் மட்டும், ஒரு கிட்டாரும் குரலும், ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான், மொத்த ஆல்பமும் அரை மணி நேரம் கூட கிடையாது. அவர் உயிரோட இருந்த வரைக்கும் அவரோட மூணு ஆல்பத்துல எதுவும் சரியா விக்கல. 1974ல 26 வயசுல போயிட்டாரு. 1999ல அந்த ஆல்பத்துலேர்ந்து ஒரு பாட்டு கார் விளம்பரத்துல வந்து, அதுக்கப்புறம்தான் ஜனங்க தேடிப்போய் வாங்கினாங்க. விளம்பரம்தான் கொண்டு போய் சேத்துச்சு, அத மறைச்சு பேசக் கூடாது. ஆனா கொண்டு போய் சேக்குறதுக்கு அந்த ரெண்டு ராத்திரில பண்ணது அப்படியே முழுசா இருந்துச்சு பாருங்க, யாருக்கும் பிடிக்கணும்னு எதையும் ஒட்டி வைக்காம. இந்தக் கதைய நான் ஆறுதலா சொல்லல. அவர் கஷ்டப்பட்டாரு, மனசொடிஞ்சு போனாரு, பின்னால வந்த பேர் அவருக்கு எந்த விதத்துலயும் உதவல. உயிரோட இருக்கும்போதே ஒருத்தராவது “கேட்டேன், இந்த இடம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு”ன்னு சொல்லணும்ங்குறதுக்காகத்தான் சொல்றேன். கேக்குறவங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, லைக் போட்டுட்டு போகாதீங்க, எந்த இடம்னு சொல்லுங்க. அந்தக் காவலாளி நாற்காலிதானேன்னு கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் நான் ஆறு பாட்டு பண்ணியிருக்கேன்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வாராவாரம் அதிகம் கேக்கப்பட்ட பத்து பாட்டுன்னு ஒரு பட்டியல் போடுறீங்க, எத்தன கோடி வியூஸ்னு பக்கத்துலயே நம்பரும் வருது. அது இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. அதுக்குக் கீழ ஒரு எட்டு வரி இடம் ஒதுக்கி, வாசகர் யாராவது ஒருத்தர் அந்த வாரம் முழுசா உக்காந்து கேட்ட ஒரே ஒரு பாட்டப் பத்தி எழுதச் சொல்லுங்க. பெரிய பாட்டோ, பேரே தெரியாதவங்க பண்ணதோ, எதுவா இருந்தாலும் சரி. எந்த இடத்துல என்ன கேட்டுச்சுன்னு எழுதினா போதும், எத்தன பேர் கேட்டாங்கன்னு மட்டும் அதுல போட வேணாம். முதல் வாரத்துக்கு எழுத ஆள் வேணும்னா சொல்லுங்க, அந்த ராத்திரி ஷிப்ட்காரர்கிட்ட நான் கேட்டு சொல்றேன். வயலின் பையனோட பாட்டும் ரெடியாயிடுச்சு, 42 செகண்டும் அப்படியே இருக்கு, அவர்கிட்டதான் முதல்ல அனுப்பலாம்னு இருக்கேன்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர படிக்கிற
ஒரு ஒலிப்பதிவுக் கலைஞன்